கானு வெட்டாத ரோட்டுக்கு எத்தனை கோடி வந்தாலும்

எங்க தாய்மாமாவுக்கு ரோட்டுல ரெண்டு மைல் இருந்துச்சு. சின்ன வயசுல நாங்க அப்படித்தான் சொல்லுவோம், "மாமாவோட ரெண்டு மைல்"னு. புசல்லாவைக்கும் றம்பொடைக்கும் நடுவுல, பெரிய ரோட்டுல, இந்த மைல் கட்டையில இருந்து அந்த மைல் கட்டை வரைக்கும் அவரும் இன்னும் மூணு பேரும் பாத்துக்கணும்னு ஓவர்சியர் பிரிச்சுக் குடுத்த துண்டு. காலைல மம்பட்டி, கத்தி, ஒரு பழைய கூடை, சாக்கை முக்காடு மாதிரி மடிச்சு தலையில போட்டுக்கிட்டு கிளம்பிருவாரு. பாத்தா சின்ன வேலை தான். மேட்டுப் பக்கத்துக் கானுல, அதாவது ரோட்டோரத்து வடிகால்ல, விழுந்த மண்ணை அள்ளுறது, புல்லு வெட்டுறது, ரோட்டுக்குக் கீழ தண்ணி போற மதகோட வாயில சிக்குன கொப்பு குழையை இழுத்துப் போடுறது, ரோட்டுல குழி விழுந்தா அது கையகலமா இருக்கும்போதே கல்லும் தாரும் வச்சு அடைக்கிறது. மழை பெஞ்சா எல்லாரும் வீட்டுக்குள்ள ஓடுவாங்க, மாமா வெளிய போவாரு. தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு மழையில நின்னு பாத்தா தான் தெரியும் புள்ளன்னு சொல்லுவாரு.

அவரோட இருந்த மூணு பேரும் ஒவ்வொருத்தரா பென்சன் எடுத்தாங்க, கடைசியா மாமாவும் எடுத்தாரு, அந்த இடத்துக்கு யாரையும் போடல. அதுக்கப்புறம் வருசத்துக்கு ஒருக்கா மண்ணு தோண்டுற பெக்கோ மெசின் ஒண்ணு வரும், கானை ஒரே நாள்ல வழிச்சுட்டுப் போயிரும், வழிக்கிறப்ப மேட்டோட அடி மண்ணையும் சேத்து வழிச்சுரும். மாமா ரோட்டோரம் நின்னு பாத்துக்கிட்டு இருப்பாரு. ஒண்ணும் சொல்ல மாட்டாரு. வீட்டுக்கு வந்து தான் அம்மாக்கிட்ட, "அக்கா, மேட்டோட காலை வெட்டுறானுங்க"ன்னு சொல்லுவாரு.

இதை எதுக்கு இப்ப எழுதுறேன்னா, டித்வா புயலுக்கு அப்புறம் இலங்கையை மறுபடி கட்டுறோம்னு எல்லாப் பக்கமும் பேச்சு, எவ்வளவு பணம் வருது, எந்த நாடு குடுக்குது, எந்த ரோட்டு முதல்லன்னு பேச்சு. நான் கண்டியில ஒரு தனியார் இடத்துல கியூ.எஸ். வேலை பாக்குறேன், ரோட்டுக்கும் பாலத்துக்கும் அளவு எடுத்து விலை போடுற வேலை, அதனால அந்தப் பேச்சுக்குள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் கிட்ட இருந்து தெரியும். லயத்துல, அதாவது தேயிலைத் தோட்டத்து ஆளுங்களோட வரிசை வீட்டுல, பொறந்து வளந்ததால அந்தப் பேச்சுக்குள்ள என்ன வராம போகுதுன்னும் தெரியும்.

புயல் அடிச்ச நாலாவது நாள் தான் நான் வீட்டுக்குப் போக முடிஞ்சது. 2025 நவம்பர் 27, 28 ரெண்டு நாளும் கண்டியிலயே மாட்டிக்கிட்டேன், போன் வேலை செய்யல, அம்மா உயிரோட இருக்காங்களான்னு கூட தெரியாது. கம்பளை வரைக்கும் ஒரு வேன், அங்கருந்து ஒரு த்ரீவீல், அதுக்கு மேல நடை. சரிஞ்ச மண்ணு மேல ஏறி இறங்கி, சில இடத்துல முழங்கால் வரைக்கும் சேறு, கூட வந்த ஒரு அண்ணே, முகத்தைக் கூட சரியா பாக்கல, கையைப் பிடிச்சு இழுத்து விட்டுட்டு அவரு வீட்டைத் தேடி வேற பக்கம் போயிட்டாரு.

பெரிய ரோட்டுல இருந்து எங்க தோட்டத்து ரோட்டு பிரியுற இடத்துல இருந்து லயத்துக்கு 3 கிலோமீற்றர். அந்த ரோட்டுல நாலாவது மதகு இருந்த இடத்துல ரோட்டே இல்ல. நான் அங்க ரொம்ப நேரம் நின்னேன். வேலை பழக்கமான்னு தெரியல, பயம் போய், எப்படி உடைஞ்சதுன்னு கண்ணு தானா பாக்க ஆரம்பிச்சிருச்சு. மேட்டுப் பக்கம் மதகு வாய் அப்படியே இருக்கு, ஒரு கீறல் இல்ல. ஆனா அதுக்குள்ள ரெண்டு உர பேக், ஒரு கிழிஞ்ச தார்ப்பாய், சோடா போத்தலுங்க, குறுக்கால ஒரு சவுக்குக் கட்டை, அதுக்கு மேல இறுகிப் போன மண்ணு. தண்ணி வந்திருக்கு, வாய் அடைஞ்சிருக்கு, கானும் பழைய மண்ணால ரொம்பியிருக்கு, அதனால ரோட்டு மேல ஏறி அந்தப் பக்கம் குதிச்சிருக்கு, குதிச்ச இடத்துல கீழ்ப்பக்கக் கரையை அரிச்சு அரிச்சு, கடைசில 12 மீற்றர் நீளத்துக்கு ரோட்டை தேயிலையோட சேத்து கீழ எடுத்துட்டுப் போயிருச்சு. புயல் பெருசு தான், அதை நான் சின்னதாக்க வரல. மலையே பிளந்த இடங்கள்ல எந்தக் கானும் காப்பாத்தியிருக்காது. ஆனா இந்த நாலாவது மதகை உடைச்சது ரெண்டு உர பேக். ஒரு ஆள் அரை நாள் வேலை செஞ்சிருந்தா அந்த ரோட்டு நின்னிருக்கும்.

அந்த 12 மீற்றர் என்னென்ன செஞ்சதுன்னு வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு தெரியாது. கொழுந்து லொறி வர முடியல. லொறி வரலன்னா கொழுந்து ஃபெக்டரிக்கு போகாது, போகலன்னா மலைக்கு ஆள் கூப்பிட மாட்டாங்க, கூப்பிடலன்னா பேர், அதாவது அன்னைய நாள் கணக்கு, இல்ல, பேர் இல்லன்னா அந்த மாச சம்பளம் பாதி. மண்சரிவுல வீடு போகாத குடும்பமும் பட்டினிக்கு கிட்ட வந்தது இப்படித்தான். பக்கத்து காம்பரா, அதாவது பக்கத்து லயத்து வீட்டு, பெரியம்மாவுக்கு சீனி வருத்தம், சர்க்கரை நோய், ஊசி முடிஞ்சு போச்சு, அவங்களை கதிரையில உக்கார வச்சு நாலு பையனுங்க தூக்கிக்கிட்டு அந்தக் கிடங்குக்குள்ள இறங்கி ஏறுனாங்க. பெரியம்மா கண்ணை மூடிக்கிட்டு முருகா முருகான்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நான் பின்னாடி குடையோட போனேன், மழையே இல்ல, ஆனா கையில குடையை பிடிச்சுக்கிட்டு தான் நடந்தேன்.

இப்ப பெரிய கணக்குக்கு வர்றேன். நாடு முழுக்க 600 பேருக்கு மேல செத்துப் போன அனர்த்தம் இது. உலக வங்கி போட்ட கணக்குப்படி நேரடி சேதம் மட்டும் 4.1 பில்லியன் டொலர், நாட்டோட வருசாந்த உற்பத்தியில 4 வீதம் அளவு. அதுல ரோட்டு, பாலம், ரயில் பாதை, தண்ணி வசதின்னு உட்கட்டமைப்புக்கு மட்டும் 1.7 பில்லியன் டொலர் கிட்ட, தனித்தனியா பாத்தா மத்த எந்தத் துறையையும் விட அதிகம். மாவட்டமா பாத்தா கண்டிக்குத் தான் ஆகப் பெரிய அடி. ரயில் பாதை 1,500 கிலோமீற்றருக்கு மேல இருக்கு, புயல் முடிஞ்ச கையோட அதுல மூணுல ஒரு பங்கு அளவு தான் ஓட்டக்கூடிய நிலையில இருந்துச்சு. பாராளுமன்றத்துல 500 பில்லியன் ரூபாவுக்கு குறைநிரப்பு பிரேரணை, அதாவது பட்ஜெட்டுக்கு மேல கூடுதல் ஒதுக்கீடு, டிசம்பர்ல நிறைவேறுச்சு, சர்வதேச நாணய நிதியம் அவசரத்துக்குன்னு 206 மில்லியன் டொலர் தந்துச்சு, இந்தியா 450 மில்லியன் டொலர்னு அறிவிச்சுச்சு, அதுல 350 சலுகைக் கடன், 100 நன்கொடை. இந்திய இராணுவத்துப் பொறியியலாளர்கள் வந்து கண்டி ராகலை ரோட்டுல பெய்லி பாலம், துண்டு துண்டா கோத்துப் போடுற இரும்புப் பாலம், போட்டுக் குடுத்தாங்க, அதுல முதல் பஸ் போனப்ப அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும், எங்களுக்கும் ரோட்டு திரும்பக் கிடைச்ச நாள் அப்படித்தான் இருந்துச்சு. உதவி செஞ்ச எல்லாருக்கும் மனசார நன்றி. அது வேற.

ஆனா கடன்னு வந்தா நாம யோசிக்கத் தான் வேணும். 2022 ஏப்ரல்ல வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதுன்னு சொன்ன நாடு இது. அந்த வருசம் மண்ணெண்ணெய்க்கு வரிசையில நின்னது, பால்மா இல்லாம பிள்ளைகளுக்கு வெறும் சாயத்தண்ணி குடுத்தது எல்லாம் இன்னும் கண்ணு முன்னாடி நிக்குது. இப்ப ரோட்டுக்கு வாங்குற கடனை இருபது முப்பது வருசம் கட்டுவோம். அஞ்சு வருசத்துல அந்த ரோட்டு ஒரு மழையில போயிருச்சுன்னா, இல்லாத ரோட்டுக்கு மிச்சம் பதினஞ்சு இருபத்தஞ்சு வருசம் வட்டி கட்டணும், அதோட புது ரோட்டுக்கு இன்னொரு கடன். இது தான் எனக்கு ராத்திரி தூக்கம் வராம பண்ற விசயம்.

ஏன் இப்படி ஆகுதுன்னா பணம் வர்ற வழியே அப்படி. வெளிநாட்டுப் பணம், அது கடனோ நன்கொடையோ, பெரும்பாலும் கட்டுறதுக்குத் தான் வரும். மூலதனச் செலவு. கட்டி முடிச்ச பிறகு பாத்துக்குற செலவு, அதாவது மாமாவோட சம்பளம், மம்பட்டி, கூடை, அதெல்லாம் மீண்டெழும் செலவுன்னு நம்ம சொந்த வரிப் பணத்துல இருந்து வரணும். பட்ஜெட்டுல சிக்கனம்னு வந்தா முதல்ல கை வைக்கிற இடம் அதுதான், ஏன்னா இந்த வருசம் கானு வெட்டலன்னா இந்த வருசம் ஒண்ணும் ஆகாது. அடுத்த வருசமும் ஆகாம இருக்கலாம். ஆகுறப்ப அது அனர்த்தம்னு பேர் மாறிரும், அனர்த்தத்துக்குத் தனியா கடன் கிடைக்கும். ரிப்பன் வெட்டுற விழா புது ரோட்டுக்கு தான் நடக்கும், கானு அள்ளுனதுக்கு யாரும் விழா எடுக்க மாட்டாங்க.

நான் பாத்த ஒண்ணைச் சொல்றேன். சில வருசத்துக்கு முன்னாடி மலைப் பக்கத்து ரோட்டு ஒண்ணுக்கு பீ.ஓ.கியூ., அதாவது எந்த வேலைக்கு எவ்வளவு அளவு, என்ன விலைங்கிற பட்டியல், போட்டோம், எந்த ரோட்டு, யாரோட வேலைன்னு சொல்ல வேணாம். முதல் கணக்குல கொங்கிரீட் கானு 1,200 மீற்றர். மொத்தத் தொகை ஒதுக்கீட்டை விட கூடிருச்சு. குறைச்சுக் கொண்டு வாங்கன்னு திரும்பி வந்துச்சு. ரோட்டோட நீளத்தைக் குறைக்க ஏலாது, அது அறிவிச்சாச்சு. அகலத்தைக் குறைக்க ஏலாது. தார் கனத்துல கை வைக்க ஏலாது, அதை டெஸ்ட் பண்ணுவாங்க. மிச்சம் என்ன இருக்கு? கானு 1,200 மீற்றர் 400 ஆச்சு. ரெண்டு மதகு "இப்ப இருக்குறதையே பாவிக்கலாம்"னு மாறுச்சு. மேட்டுப் பக்கம் புல்லு நட வச்சிருந்த காசு முழுசா போச்சு. அந்தப் பக்கத்தை டைப் பண்ணது நான் தான். அப்ப நான் புதுசு, வாயைத் திறக்கல. இப்பவும் ஒவ்வொரு பெரிய மழைக்கும் அந்த 800 மீற்றர் ஞாபகம் வரும்.

மலையில ரோட்டுன்னா அது தண்ணியோட விவகாரம்னு எங்க ஆளுங்களுக்கு யாரும் படிச்சுக் குடுக்கத் தேவையில்ல. தேயிலை மலையில கானு வெட்டுறது ஒரு வேலையா பரம்பரையா செஞ்சவங்க நாங்க. மலைச் சரிவுக்குக் குறுக்கால, லேசான சாய்வுல, தண்ணி ஓடவும் வேணும், மண்ணை அரிக்கவும் கூடாதுன்னு கண்ணளவுலயே வெட்டுன தாத்தாமாரு இருந்தாங்க. சரிவுல மண்ணு நிக்குறது மண்ணோட மண்ணு பிடிச்சுக்கிட்டு இருக்குறதால. உள்ள தண்ணி நிறைஞ்சா அந்தப் பிடி விடும், பாரமும் கூடும். அதோட, ரோட்டை அகலமாக்குறோம்னு மேட்டோட அடியை செங்குத்தா வெட்டி எடுத்துட்டா, தாங்கி நிக்கக் காலும் இல்ல. மாமா சொன்னது அதைத்தான். கடுகண்ணாவையில புயல் வர்றதுக்கு முன்னாடியே, நவம்பர் 22ம் தேதி, கண்டி ரோட்டோரத்துக் கடை மேல மேடு சரிஞ்சு ஆறு பேர் செத்துப் போனாங்க. அது நாட்டோட முக்கியமான ரோட்டு, தோட்டத்து மண் ரோட்டு இல்ல.

தண்ணியை வெளிய எடுத்தா மலையே நிக்கும்ங்கிறதுக்கு நம்ம கண்ணு முன்னாடியே சாட்சி இருக்கு. 90களோட தொடக்கத்துல வட்டவளையில ரயில் பாதை இருந்த சரிவு மெல்ல மெல்ல நகர ஆரம்பிச்சுச்சு, தண்டவாளம் வளைஞ்சு போச்சு. பெரிய சுவர் கட்டி மறிக்கிறதை விட, மலைக்குள்ள துளை போட்டு, வடிகால் குழாய் இறக்கி, நிலத்தடித் தண்ணி மட்டத்தைக் குறைச்சு தான் அதை அடக்குனாங்க. நேபாளத்துலயும் மலை ரோட்டுகளுக்கு இதே மாதிரி தான், சரிவுல புல்லு, மூங்கில்னு நட்டு வேரால மண்ணைப் பிடிக்க வைக்கிறாங்க, ரோட்டுக்கு இத்தனை கிலோமீற்றருக்கு ஒரு ஆள்னு போட்டு அங்க இருக்குற ஊர்க்காரங்களையே பாத்துக்க வைக்கிறாங்க. நம்ம தோட்டங்கள்லயும் பழைய தேயிலையைப் பிடுங்குனா மண்ணைத் தேத்த மானாப்புல்லு நடுவாங்க இல்லையா, எங்க அம்மா நட்டிருக்காங்க. அந்தப் புல்லுக்கு வெளிநாட்டுக் கடன் வேணுமா?

ரயிலைப் பத்தியும் சொல்லணும். மலையகத்து ரயில் பாதை ஒரே நாள்ல வந்ததில்ல. 1867ல கண்டி, 1874ல நாவலப்பிட்டி, 1885ல நானுஓயா, 1894ல பண்டாரவளை, கடைசியா 1924ல தான் பதுளை. கண்டியில இருந்து பதுளைக்கு 57 வருசம். கோப்பிக்காகத் தொடங்குனது, கோப்பி நோயில அழிஞ்சு தேயிலை வந்தப்பவும் நிக்காம போச்சு. துண்டு துண்டா, ஒண்ணு முடிஞ்ச பிறகு அடுத்தது. வெள்ளைக்காரன் நமக்கு நல்லது செய்யப் போட்டான்னு நான் சொல்ல வரல, அந்தப் பாதைக்குக் கீழ எத்தனை பேரோட எலும்பு கிடக்குதுன்னு கணக்கே கிடையாது, மன்னார்ல இருந்து மாத்தளைக்கு நடந்து வர்ற வழியிலயே விழுந்தவங்க எத்தனை பேர். 1848ல ரோட்டுச் சட்டம்னு ஒண்ணு போட்டு ஆம்பளைங்க வருசத்துக்கு 6 நாள் ரோட்டு வேலை செய்யணும், இல்லன்னா காசு கட்டணும்னு சொன்னதுல தான் ஜனங்க கொதிச்சாங்க, மாத்தளைக் கலவரத்துக்கு அதுவும் ஒரு காரணம். ரோட்டோட பாரம் யார் தலையில விழுதுங்கிறது அப்பவே பெரிய கேள்வி.

ஆனா அந்தப் பாதையைக் கட்டுன விதத்தைப் பாருங்க. 44 அடி போனா 1 அடி ஏத்தம், அதுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு வச்சுக்கிட்டு, மலையோட வளைவுக்கு வளைஞ்சு வளைஞ்சு, தெமோதரையில பாதையைச் சுத்தி வளைச்சு ஸ்டேசனுக்குக் கீழயே சுரங்கம் வழியா கொண்டு போய், பட்டிப்பொலயில 1,900 மீற்றர் உயரத்துக்கு கிட்ட ஏத்தியிருக்காங்க. பேராதனைக்கு மேல ஒத்தைத் தண்டவாளம். நாலு லேன் ரோட்டுக்கு வெட்டுற அளவுக்கு மலையை அதுக்கு வெட்டத் தேவையில்ல. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கேங், கேங்குக்கு ஒரு குடிசை, தினம் நடந்து பாக்குற ஆள். நூறு வருசம் நின்னது அதனால தான். இப்ப அதைத் திருத்துறப்ப நீலக் கலர் டிரெயின்ல டூரிஸ்ட் படம் பிடிக்கிறதை மட்டும் மனசுல வச்சு திருத்திடாதீங்கன்னு கெஞ்சிக் கேக்குறேன். வெளிநாட்டு ஆளுங்க வரட்டும், நாட்டுக்கு டொலர் வேணும், எனக்கும் தெரியும். ஆனா அந்தப் பாதையில நானுஓயா மரக்கறி கொழும்புக்குப் போகலாம், தேயிலைப் பெட்டி போகலாம், இப்ப அதெல்லாம் லொறியில போய் ரோட்டை உடைக்குது. ஹட்டன்ல இருந்து கொழும்புக்கு வேலைக்குப் போற நம்ம பிள்ளைங்க பஸ்ல காசு குடுக்க ஏலாம மூணாங்கிளாஸ்ல நின்னுக்கிட்டே போறாங்க. ஒரு ரூபா போட்டா யாருக்கு எவ்வளவு பயன்னு கணக்குப் பாத்தா, மலையில அகலமான ரோட்டை விட இந்தப் பழைய பாதைக்கு முதல்ல போடலாம்னு தான் நான் சொல்லுவேன். மத்திய அதிவேகப் பாதையில மீரிகம குருநாகல் துண்டு 2022 ஜனவரியில திறந்தாங்க, நல்ல ரோட்டு, நானும் போயிருக்கேன். ஆனா அது எங்க லயத்துக்கு வர்ற ரோட்டை ஒரு அடி கூட கிட்டக் கொண்டு வரல.

லயத்து ரோட்டுன்னதும் ஆகக் கசப்பான விசயம். பெரிய ரோட்டு, ஏ, பீன்னு இருக்குறது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. அடுத்தது மாகாணத்துக்கு. சின்ன ரோட்டு பிரதேச சபைக்கு. தோட்டத்து ரோட்டு? தோட்டக் காணி அரசாங்கத்தோடது, 1992ல இருந்து நிர்வாகம் கம்பெனிங்க கையில, ரோட்டுல நடக்குறது நாங்க. 1987ல வந்த பிரதேச சபைச் சட்டத்துல 33ம் பிரிவு இருந்ததால தோட்டத்துக்குள்ள சபைக் காசு செலவழிக்கக் கூடாதுன்னு பல வருசம் கையை விரிச்சாங்க. வோட்டு கேக்க மட்டும் அந்த ரோட்டுல வந்தாங்க. எத்தனையோ பேர் பேசி, எழுதி, போராடி 2018ல அந்தப் பிரிவைத் திருத்துனாங்க. திருத்துன பிறகும் என்ன, சபைக்கு வருமானம் இருக்கணும் இல்ல? வாகனத்துக்கு வருசா வருசம் கட்டுற லைசன்ஸ் காசு மாகாணத்துக்குப் போகுது, மத்திய மாகாண சபைக்கு 2013ல நடந்த தேர்தல் தான் கடைசித் தேர்தல், 2018ல காலம் முடிஞ்சு போச்சு, அதுல இருந்து ஆளுநர் தான். எங்க காசு எந்த ரோட்டுக்குப் போகுதுன்னு கேக்குறதுக்கு நாங்க தெரிவு செஞ்ச ஒரு மெம்பர் அங்க இல்ல. 2025 மே மாசம் பிரதேச சபைத் தேர்தலாவது நடந்துச்சு, அதை நான் பெருசா மதிக்கிறேன், கதவைத் தட்டிக் கேக்க ஒரு ஆள் இருக்காரு.

நல்லது நடந்ததையும் சொல்லணும். ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடன்ல 2014ல தொடங்குன ஐ ரோட் திட்டத்துல, ரோட்டைப் போட்ட கொந்தரப்புக்காரரே அதை சில வருசம் பாத்துக்கவும் வேணும்னு ஒப்பந்தத்துலயே எழுதுனாங்க. அவரு கானு சரியா போடலன்னா அவரு தான் திரும்ப வந்து மண்ணு அள்ளணும். எங்க தொழில்ல இருக்குறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய மாத்தம்னு தெரியும், திடீர்னு எல்லாருக்கும் மதகு மேல அக்கறை வந்துச்சு. டித்வாவுக்கு அப்புறம் போடுற ஒவ்வொரு ரோட்டு ஒப்பந்தத்துலயும் அது இருக்கணும், சில வருசத்துக்கு மட்டும் பத்தாது, கடன் கட்டி முடியுற வரைக்கும் அந்த ரோட்டைப் பாக்குற காசை முதல் நாளே ஒதுக்கி, வேற எதுக்கும் தொட முடியாத மாதிரி பூட்டி வைக்கணும். நிதியமைச்சுல இருக்குறவங்க இதுக்கு நூறு காரணம் சொல்லுவாங்க, ஒரே கணக்குல தான் எல்லாப் பணமும் போகணும்னு சொல்லுவாங்க. இருக்கட்டும். காணாமப் போன ரோட்டுக்கு வட்டி கட்டுறதுக்கு அந்தக் கணக்குல காசு இருக்குன்னா இதுக்கும் இருக்கணும்.

அப்புறம் ஆள். ஒரு பெக்கோ மெசினுக்கு ஒரு நாள் வாடகையை வச்சு எத்தனை பேருக்கு நாள் சம்பளம் குடுக்கலாம்னு ஒரு தரம் உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்தேன், ஒரு கேங்கே வச்சிருக்கலாம். தோட்டத்துல வேலை குறைஞ்சு கிடக்குது, பிள்ளைங்க கொழும்புல கடைங்கள்ல நிக்குதுங்க. மூணு கிலோமீற்றருக்கு ரெண்டு பேர், அந்தந்த லயத்து ஆளுங்களே, பொம்பளைங்களும் செய்யலாம், சரியான சம்பளமும் ஈ.பி.எப்.பும் மழைக் கோட்டும் குடுத்து, தற்காலிகம்னு ஏமாத்தாம போடுங்க. மலையோட ஒவ்வொரு நரம்பும் அவங்களுக்குத் தெரியும். எந்தப் பீலியில திடீர்னு கலங்கல் தண்ணி வருது, எந்தச் சுவர்ல புதுசா வெடிப்பு விழுந்திருக்கு, எந்த மரம் சாய்ஞ்சு நிக்குதுன்னு முதல்ல பாக்குறது அவங்க தான். மண்சரிவு எச்சரிக்கை குடுக்குற தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அந்தத் தகவல் அன்னைக்கே போனா உயிர் தப்பும். 2014 ஒக்டோபர் 29ம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில லயங்கள் மண்ணுக்குள்ள போச்சே, அங்க ஆபத்து இருக்குன்னு முன்னாடியே எச்சரிச்சிருந்தாங்க. எச்சரிக்கை கடுதாசி வந்து சேந்தா போதுமா, போறதுக்கு இடமும் போற வழியும் வேணும்ல. ரோட்டு அதுக்கும் தான்.

இன்னொண்ணு, இது சின்னதா தெரியலாம். திட்டம் போடுற கூட்டங்கள்ல தமிழ்ல பேசுங்க. எங்க பக்கத்துல ஒரு கூட்டம் நடந்துச்சு, ரோட்டு எந்தப் பக்கம் போகும்னு விளக்குற கூட்டம், வந்திருந்த முப்பது பேர்ல இருபத்தஞ்சு பேருக்கு பேசுனது விளங்கல, கையெழுத்து மட்டும் வாங்கிட்டாங்க. எங்க மாமா அந்தக் கூட்டத்துல பின்னாடி பெஞ்சுல உக்காந்திருந்தாரு. முப்பது வருசத்துக்கு மேல அந்த மலையில தண்ணி எங்க போகுதுன்னு பாத்த மனுசன். அவர்க்கிட்ட ஒரு கேள்வி கேக்கல.

போன ஞாயித்துக்கிழமை நானும் மாமாவும் எங்க தோட்டத்து ரோட்டை நடந்து பாத்தோம். அவருக்கு இப்ப 71, முட்டி வலி, ஆனாலும் மம்பட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு தான் வந்தாரு. நான் கையில அளவு டேப்பும் கொப்பியும். 3 கிலோமீற்றர்ல 14 மதகு இருக்கு. வாய் திறந்து சுத்தமா இருக்குறது 5. பாதி அடைச்சது 6. முழுசா அடைச்சது 2. மிச்சம் ஒண்ணு நாலாவது, அங்க இப்ப தற்காலிகமா மண்ணு போட்டு ரொப்பி ரெண்டு குழாய் வச்சிருக்காங்க, பழைய மதகை விட சின்னக் குழாய். மாமா அதுக்குப் பக்கத்துல குந்தி உக்காந்து உள்ள பாத்தாரு. ஒரு கல்லை எடுத்துப் போட்டு சத்தம் கேட்டாரு. "இது இந்த மே மாசம் தாங்காது புள்ள, எழுதிக்க"ன்னாரு. எழுதிக்கிட்டேன்.

ஒன்பதாவது மதகுல நிக்கிறப்ப லயத்துப் பையனுங்க ரெண்டு பேர் கிரிக்கெட் பேட்டோட வந்தாங்க, என்னா தாத்தா தேடுறீங்கன்னு கேட்டாங்க. மாமா ஒண்ணும் சொல்லாம சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு மதகு வாயில இறங்கிட்டாரு. நான் வேணாம் மாமான்னு கத்துறதுக்குள்ள முதல் கூடை மண்ணு மேல வந்துருச்சு. பையனுங்க பேட்டை கரையில வச்சுட்டு இறங்குனாங்க. ஒரு மணித்தியாலம் கூட ஆகல. கடைசியா ஒரு சாக்கு வெளிய வந்துச்சு, அதுக்குப் பின்னாடியே உள்ள நின்ன கறுப்புத் தண்ணி களகளன்னு அந்தப் பக்கம் இறங்கிப் போச்சு.

14 மதகோட அளவும் நிலைமையும் படத்தோட எழுதி, தமிழ்லயும் சிங்களத்துலயும் டைப் பண்ணி, திங்கக்கிழமை பிரதேச சபையில குடுத்தேன். ஒரு பிரதி தோட்டத்து ஆபீசுக்கு. வாங்கிக்கிட்டோம்னு ரெண்டு இடத்துலயும் சீல் வச்சுக் குடுத்தாங்க. அடுத்த ஞாயிறு பத்தாவது மதகுல இருந்து தொடங்குறோம், மாமா இன்னொரு மம்பட்டிக்குப் புது காம்பு போட்டு வச்சிருக்காரு.